கடிதக் காட்சியை வெட்டாதீர்கள்: பாடசாலை நாடகம் பழக்குவோருக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, நடுவர்களே,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியற்றும்’ எங்கள் பாடசாலை மேடைகளில் ஏறும்போது பெரும்பாலும் ஒரே உருவத்தில்தான் ஏறுகிறது. விருந்தில் கண்டார்கள், சாளரத்தடியில் கதைத்தார்கள், கல்லறையில் செத்தார்கள். கடைசியில் ஒருவர் முன்மேடைக்கு வந்து, தாய் தகப்பன் சொற்கேளாத காதலின் கதி இதுதான் என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் போவார். அல்லது அதற்கு நேரெதிராக, சாவையும் வென்ற காதல் என்று பாட்டோடு திரை விழும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அரை மணிக்குள் அடக்க வேண்டுமென்று பிரதியை வெட்டும்போது, விபரீதம் எப்படி நேர்ந்தது என்பதைக் காட்டும் காட்சிகளே முதலில் கத்திக்கு இரையாகின்றன. மிஞ்சுவது காதலும் சாவும். நடுவில் காரணம் இல்லை.

இளவயதின் அவசரக் காதல் ஆபத்தானது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. இந்த நாடகம் அதற்கு ஏற்றதுதான். ஆனால் அந்த அவசரம் இரண்டு பிள்ளைகளிடம் மட்டும் இருந்ததாகக் காட்டுவது பிரதிக்குப் பொருந்தாது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அதனால் பயனில்லை.

முதலில் நாட்கணக்கைப் பாருங்கள். பிரதியைத் திறந்து வைத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனால் விளங்கும். ஞாயிறு காலை, ஒன்பது அடிக்குமுன் தெருச்சண்டை. அந்நேரம் ரோமியோ றொசலின் என்ற வேறொருத்திக்காக உருகிக்கொண்டிருக்கிறான். அன்றிரவு தன் குடும்பத்துக்குப் பகைவரான கப்பியூலெற் வீட்டு விருந்தில் அவர் மகள் ஜூலியற்றைக் காண்கிறான். பின்னிரவுக்குள் கலியாணப் பேச்சு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சை எடுப்பவள் ஜூலியற்தான். இது மிகவும் திடீரென்று நடக்கிறது, மின்னலைப்போல இருக்கிறது என்று அஞ்சுபவளும் அவள்தான். திங்கள் ஒன்பது மணிக்குத் தன்னை வளர்த்த செவிலியை ரோமியோவிடம் அனுப்புகிறாள். அரை மணியில் வருகிறேன் என்று போனவள் பன்னிரண்டுக்குத்தான் திரும்புகிறாள். பிற்பகல் லோறன்ஸ் அடிகள் என்ற துறவியின் அறையில் இரகசியத் திருமணம். அதற்குப் பின் ஒரு மணிநேரம் போல. ரோமியோவின் நண்பன் மெர்க்கூசியோ செத்து, அவனைக் குத்திய கப்பியூலெற் உறவினன் ரிபல்ற்றும் ரோமியோ கையால் செத்து, ரோமியோவுக்கு நாடுகடத்தல் தீர்ப்பாகிவிடுகிறது. அன்றிரவே கப்பியூலெற் தன் மகளை வியாழக்கிழமை பாரிஸ் என்ற பிரபுவுக்குக் கட்டிக்கொடுப்பதென்று முடிவெடுக்கிறார். செவ்வாய் விடியலில் ரோமியோ மான்ருவா நகருக்குப் புறப்படுகிறான். பகல், ஜூலியற் அடிகளிடம் பிணம்போலக் கிடக்கச் செய்யும் மருந்து வாங்குகிறாள். முதற் பார்வைக்கும் திருமணத்துக்கும் இடையில் முழுதாய் ஒரு நாள் இல்லை.

இந்த வேகம் ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே ஏற்றியது. அவர் எடுத்தாண்ட மூலம், ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடும்பாட்டு. அதில் கதை மாதக்கணக்கில் நகர்கிறது. பெண்ணுக்கு வயது 16. ஷேக்ஸ்பியர் மாதங்களை நாட்களாகச் சுருக்கினார், வயதை 13 ஆக்கினார். யூலை 31 இரவு வந்தால்தான் ஜூலியற்றுக்குப் பதினான்கு. நாடகம் தொடங்கும்போது அதற்கு இரண்டு வாரமும் சில நாட்களும் கிடக்கின்றன என்று தாயே கணக்குச் சொல்கிறாள். இன்னொன்றையும் அவர் மாற்றினார். புரூக் தன் முன்னுரையில் காதலரைத்தான் திட்டுகிறார்: பெற்றார் அறிவுரையைப் புறக்கணித்து, வாயாடிகளையும் துறவிகளையும் நம்பி அழிந்தார்கள் என்று. ஷேக்ஸ்பியர் அந்த முன்னுரையைக் கைவிட்டு, தொடக்கப் பதினான்கு அடிகளில் பெற்றோரின் பகையை முன்வைத்தார். எங்கள் மேடைகளில் கடைசியில் வந்து உபதேசிப்பவர் ஷேக்ஸ்பியர் கைவிட்டதைப் பொறுக்கி எடுத்து வந்து திரும்பவும் ஒட்டுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி மூத்தவர்களின் அவசரம். ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் பெண் கேட்கும்போது கப்பியூலெற், இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதமும் வேண்டும் என்கிறார். பொறுப்பான தகப்பன் பேச்சு. திங்கள் இரவு, வீட்டில் ரிபல்ற்றின் சாவு நடந்திருக்க, மகளைக் கேளாமலே வியாழன் என்று நாள் வைக்கிறார். செவ்வாய் விடியற்காலை அவள் மறுக்க, தெருவில் கிடந்து பட்டினியாய்ச் சா என்று கத்துகிறார். அன்று பின்னேரம் அவள் பணிந்ததாக நடிக்க, மகிழ்ச்சி தாங்காமல் கலியாணத்தைப் புதனுக்கு முன்னிழுக்கிறார். மூன்று நாளுக்குள் இரண்டு வருடம் மூன்று நாளாகி, மூன்று நாள் நாளைக்கு என்றாகிவிட்டது. ரோமியோவைவிட இவர் எந்த வகையில் நிதானமானவர்?

இந்தப் புதன்தான் கொலைகாரன். அடிகள் போட்ட திட்டம் இது: புதன் இரவு அவள் மருந்தைக் குடிப்பது, 42 மணிநேரம் பிணம்போலக் கிடப்பது, அதற்குள் கடிதம் மான்ருவா போய் ரோமியோ வந்து சேர்வது. நள்ளிரவில் குடித்ததாக வைத்தால் விழிப்பு வெள்ளி மாலை ஆறு மணிக்கு. தகப்பன் நாளை மாற்றியதால் அவள் செவ்வாய் இரவே குடிக்கிறாள். விழிப்பு வியாழன் மாலைக்கு வந்துவிடுகிறது. கடிதத்துக்கு இருந்த அவகாசத்தில் 24 மணிநேரம் பறிபோயிற்று. (42 என்ற எண்ணைப் பிரதியின் மற்ற நேரக்குறிப்புகளோடு பொருத்த உரைகாரர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மேடைக்கு அந்த வழக்கு வேண்டாம்.)

அடுத்தது, நீங்கள் முதலில் வெட்டும் காட்சி. ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. முப்பது அடிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வரும். கடிதத்தோடு போன யோன் அடிகள் வழித்துணைக்கு இன்னொரு துறவியைத் தேடி, அவர் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குப் போகிறார். கொள்ளைநோய் வீடென்று சந்தேகித்த நகரத்து அலுவலர்கள் கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதம் போகவில்லை. தொற்றுக்குப் பயந்து அதைத் திருப்பிக் கொண்டுவரவும் ஆள் கிடைக்கவில்லை. உண்மைச் செய்தி பூட்டிய வீட்டுக்குள் கிடக்க, ஜூலியற் இறந்துவிட்டாள் என்ற பொய்ச்செய்தி ரோமியோவின் வேலைக்காரன் பல்தசாரோடு குதிரையேறி மான்ருவாவுக்குப் போகிறது. 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் இலண்டன் நாடகசாலைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அந்தச் சபைக்கு இது நேற்றைய சங்கதி. 2020இல் தனிமைப்படுத்தலைக் கண்ட எங்கள் பிள்ளைகளுக்கும் விளக்கம் தேவைப்படாது.

இந்தக் காட்சியை எடுத்துவிட்டால், ரோமியோ கல்லறைக்கு வருவது வெறும் விதியாகிவிடும். இருந்தால், ஒவ்வொரு படியிலும் அவனுக்கு நின்றுபோக ஒரு வாய்ப்பு இருந்தது தெரியும். அடிகளிடமிருந்து கடிதம் இல்லையா என்று பல்தசாரை இருமுறை கேட்கிறான். இல்லை என்றதும், பரவாயில்லை என்று விட்டுவிடுகிறான். பொறுங்கள் ஐயா, உங்கள் முகம் சரியில்லை என்று அந்த வேலைக்காரனே சொல்கிறான், கேட்கவில்லை. கல்லறைக்குள் அவளுடைய உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் செம்மை இருப்பதைக் கண்டு அதைப் பற்றிப் பேசவும் செய்கிறான், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. அடிகள் வந்து சேரும்போது, ரோமியோ உள்ளே போய் முழுதாய் அரை மணி ஆகிவிட்டது என்கிறான் பல்தசார். அவசரத்தின் ஆபத்து என்று பாடம் சொல்ல விரும்பினால் இந்த நான்கு இடங்களிலும் நடிகனை நிறுத்திப் பழக்குங்கள். ‘கடிதம் இல்லையா’ என்ற இரண்டாவது கேள்விக்குப் பின் மூன்று எண்ணும் நேரம் அவன் அசையாமல் நிற்கட்டும். சபையில் யாராவது ‘பொறடா’ என்று வாய்க்குள் சொன்னால் வெற்றி.

செவிலி பாத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல மேடைகளில் அவள் சிரிப்புக்கு மட்டும் வந்து போகிறாள். தமிழ் இலக்கியம் படித்த ஆசிரியருக்கு இங்கே ஒரு கைப்பிடி இருக்கிறது. எங்கள் அகமரபில் களவுக்கு, அதாவது மறைவான காதலுக்கு, ஒரு வழித்தடம் உண்டு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாரான தன்னையர்க்கும் அறத்தொடு நிற்பார்கள், அதாவது அந்தக் காதலை முறையாக வெளிப்படுத்துவார்கள். களவு இரண்டு திங்களுக்குள் வரைவில், அதாவது திருமணத்தில், முடிய வேண்டும் என்று இறையனார் களவியல் எல்லையும் வைத்தது. இரகசியம் நிற்க இடம் உண்டு, அது வெளியேறக் கதவும் உண்டு. இந்த நாடகம் நடக்கும் வெரோனாவில் அந்தக் கதவு செவிலியோடு அடைபடுகிறது. ஏணி கொண்டுவருகிறாள், தூது போகிறாள், ஆனால் தாயிடம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் அங்கத்தின் கடைசியில், தகப்பன் கத்திவிட்டுப் போன பின் ஜூலியற் அவளிடம் ஆறுதல் கேட்க, பாரிசையே கட்டிக்கொள் என்கிறாள். அந்த நிமிடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டில் நம்பிக் கதைக்க ஒருவரும் இல்லாமற் போகிறது. மிஞ்சியவர், காலையில் மெதுவாகப் போ, ஓடுபவன் இடறுவான் என்று புத்தி சொல்லிவிட்டு, அன்று பிற்பகலே இருவரையும் கட்டிவைத்த லோறன்ஸ் அடிகள். அவரும் கல்லறையில் காவலர் சத்தம் கேட்டதும் அவளை விட்டு ஓடிவிடுகிறார். விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்கசூளாமணி என்ற நூலில் ஷேக்ஸ்பியரை, அவர் சொல்லில் செகசிற்பியாரை, தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தார். அந்த வழியில் போகும் ஆசிரியர், இந்த நாடகத்தை அறத்தொடு நிலை முறிந்த கதையாக உயர்தர வகுப்பில் நடத்திப் பார்க்கலாம்.

இப்போது வெட்டு. முப்பது நிமிடப் பிரதிக்கு நாங்கள் சொல்லும் பங்கீடு இது. முன்னுரைக்கு 1 நிமிடம், தெருச்சண்டைக்கு 3, விருந்துக்கு 3, சாளரக் காட்சிக்கு 4, அடிகளும் திருமணமும் 2, வாட்சண்டை 3, தகப்பன் மகளை ஏசும் காட்சிக்கு 5, மருந்தும் நாள் மாற்றமும் 3, கடிதம் 2, கல்லறை 4. ஆகக் கூடிய நேரம் சாளரத்துக்கு இல்லை, தகப்பனுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். வெட்டலாம் என்றால் மெர்க்கூசியோவின் கனவுப் பேச்சு, வேலைக்காரர் சிரிப்பு, வாத்தியக்காரர் காட்சி எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள். றொசலினின் பெயர் மட்டும் இரண்டு இடத்தில் நிற்கட்டும். அது போனால் ரோமியோ நேற்று வரை யாருக்காக அழுதான் என்பது மறைந்துவிடும்.

நாட்களை எப்படிச் சொல்வது? ஒளிபடக் கருவியும் திரையும் தேவையில்லை, கட்டியகாரன் இருக்கிறானே. நாட்டுக்கூத்தில் வரவு சொல்பவனை இங்கே கிழமையும் மணியும் கூற வையுங்கள். ‘ஞாயிறு காலை, ஒன்பது ஆகவில்லை.’ ‘திங்கள், மத்தியானம் பன்னிரண்டு.’ ‘செவ்வாய் பின்னேரம்; கலியாணம் நாளைக்கு.’ ஒவ்வொரு முறையும் மத்தளத்தில் ஒரே ஒரு அடி. செவ்வாய்க்குப் பின் அடிகளுக்கிடையிலான இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முடிவை முன்னரே சொல்லிவிட்டால் சுவை கெடும் என்று அஞ்ச வேண்டாம். காத்தவராயன் கூத்தில் காத்தான் கழுவேறப் போவது தெரிந்தும் விடிய விடிய இருந்து ஆரியமாலைக்காக உருகும் ஊர் இது. ஷேக்ஸ்பியரும் இருவரின் சாவை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

வாட்சண்டையில் தவறக்கூடாத அசைவு ஒன்று உண்டு. ரோமியோ சமாதானம் பண்ண இடையில் புகுகிறான். அவனுடைய கைக்குக் கீழால்தான் ரிபல்ற்றின் வாள் மெர்க்கூசியோவில் ஏறுகிறது. பல மேடைகளில் ரோமியோ ஓரத்தில் நின்று பார்க்கிறான், அதோடு அந்தச் சாவின் பொருள் போய்விடுகிறது. மரவாள் போதும், நுனி மழுங்கியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் வீச்சு வேண்டாம், முகத்தை நோக்கிக் குத்து வேண்டவே வேண்டாம். இருவருக்குமிடையில் வாள் நீட்டினாலும் ஒரு கை தூரம் மிஞ்ச வேண்டும், சபையைப் பார்த்து ஒருவர் முன்னும் மற்றவர் பின்னுமாக நின்றால் அந்த இடைவெளி தெரியாது. முதல் வாரம் முழுவதும் காற்பங்கு வேகத்தில் பழக்குங்கள். மேடையேற்ற நாளன்று திரைக்கு முன் ஒருமுறை மெதுவாக ஆடவிட்ட பின்தான் உடுப்புப் போட விடுங்கள். சாளரத்துக்கு உயரம் வேண்டுமென்று மேசைக்குமேல் மேசை அடுக்குவதையும் நிறுத்துங்கள். மூன்றடி மேடையும் பின்னால் பிடிக்க ஒரு கம்பியும் தாராளம்.

கல்லறைக் காட்சியில்தான் மிகுந்த கவனம் தேவை. ரோமியோ சாகுமுன் ஜூலியற் விழித்து இருவரும் கதைப்பதாகச் சிலர் ஆக்குகிறார்கள். அப்படி ஒரு உரையாடலை 1748இல் ஆங்கில நடிகர் டேவிட் கரிக் எழுதிச் சேர்த்தார். ஷேக்ஸ்பியர் பிரதியில் அது இல்லை. சேர்த்தால் கண்ணீர் வரும், உண்மைதான். ஆனால் அடிகளும் பல்தசாரும் அவளும் சில நிமிடங்களால் தவறவிட்டார்கள் என்ற கொடுமை கரைந்து, சாவு ஒரு பிரியாவிடையாகிவிடும். இளவயதினர் நிறைந்த சபையில் சாவை அப்படி அழகுபடுத்தக் கூடாது. ஒருவர் எடுத்த முடிவு செய்தியாகப் பரவி, அதே வழியில் பலர் போனதை 1980களில் இந்த யாழ்ப்பாணக் குடாநாடு கண்டிருக்கிறது. ஆகவே நஞ்சின் வலிமை பற்றிய வரிகளை எடுத்துவிடுங்கள். குடிக்கும் செயல் சபைக்கு முதுகு காட்டி நடக்கட்டும். துடிப்பு வேண்டாம், பின்னணிப் பாட்டு வேண்டாம், வெள்ளை உடுப்பில் தேவதைகளாக இருவரும் எழுந்து போகும் காட்சி வேண்டவே வேண்டாம். அவர்கள் செத்த பின்னும் நாடகம் முடியவில்லை: ஊர் வந்து நிற்கிறது, அடிகள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், ரோமியோவின் தாய், மொன்ரேகியூவின் மனைவி, துக்கத்தில் இறந்ததும் தெரியவருகிறது. பிணங்கள் ஆறு. அவற்றில் மெர்க்கூசியோவும் பாரிசும் பகை கொண்ட இரு குடும்பத்திலும் சேராதவர்கள், அரசனின் உறவினர். அந்தக் கணக்கு ஒரு நிமிடமாவது மேடையில் ஒலிக்க வேண்டும்.

மருந்து விற்பவன் காட்சியை முற்றாக எடுக்க வேண்டாம், சுருக்கினால் போதும். மான்ருவாவில் நஞ்சு விற்றால் மரண தண்டனை. விற்பவனுக்கு வறுமை, வாங்குபவன் கையில் நாற்பது பொற்காசு. சட்டம் இருந்தும் கைக்கெட்டியது. இலங்கையில் 1995இல் தற்கொலை இலட்சத்துக்கு 47 என்ற அளவில் உச்சத்தில் நின்றது. மிகக் கொடிய பூச்சிமருந்துகள் அந்த ஆண்டிலும் 1998இலும் தடைசெய்யப்பட்ட பின், பத்தாண்டில் அது ஏறத்தாழ அரைவாசியானது. பலருக்கு நினைப்புக்கும் செயலுக்கும் இடையில் அரை மணிகூட இருப்பதில்லை. அந்த அரை மணியில் கையில் ஒன்றும் அகப்படாமல், பக்கத்தில் ஒருவர் இருந்தால் உயிர் மிஞ்சுகிறது. மேடையேற்றத்துக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி வகுப்பாசிரியரோ உளவளத்துணை ஆசிரியரோ பிள்ளைகளோடு கதைப்பது நல்லது. ‘யோன் அடிகள் வராவிட்டால் வேறு யார் மூலம் சொல்லியிருக்கலாம்?’ என்று கேட்டுத் தொடங்கலாம். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929. இரண்டையும் நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல என்பதையும் சொல்லுங்கள். பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் உண்டு.

வயதையும் மறைக்காதீர்கள். மேடையில் இருபது வயதுபோல அலங்கரித்த பிள்ளையைப் பார்க்கும் சபைக்கு, ஜூலியற் தரம் எட்டு ஒன்பதில் படிக்கும் பிள்ளை என்பது மறந்துபோகும். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில்கூடச் சாதாரண பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் கலியாணம் செய்தார்கள். பதின்மூன்று அவர்களுக்கும் அதிர்ச்சி தரும் எண்தான். இலங்கையின் பொது விவாகச் சட்டப்படி 1995 முதல் திருமண வயது 18. பாரிஸ் பெண் கேட்டதும், தாய் அதற்குத் தலையாட்டியதும், அடிகள் கட்டிவைத்ததும் எல்லாம் இந்தச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வளர்ந்தவர்களின் பிழைகள். இதைச் சொல்லாமல் பிள்ளைகளின் அவசரத்தை மட்டும் கண்டிப்பது வசதியான நியாயம்.

நடுவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் குறுகியது. கண்ணீர் வரவழைத்ததற்குப் புள்ளி போடுமுன், நாடகம் முடிந்ததும் அணியில் ஒரு பிள்ளையை அழைத்து, ரோமியோவுக்குக் கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை என்று கேளுங்கள். பதில் தெரியாத அணிக்குப் பிரதி விளக்கத்துக்கான புள்ளியைக் குறையுங்கள். முடிவில் சபைக்கு உபதேசம் செய்தால் அதற்கும் குறையுங்கள். நேரக் கட்டுப்பாட்டை முப்பதிலிருந்து முப்பத்தைந்து நிமிடமாக்க முடிந்தால், கூடும் ஐந்து நிமிடமும் ஊர் கூடும் கடைசிக் காட்சிக்கே போக வேண்டுமென்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழக்கத் தொடங்குமுன் அது ஆசிரியர்களின் கைக்குக் கிடைக்க வேண்டும். ஒத்திகை பாதியில் வந்தால் யாரும் பிரதியைத் திருத்தமாட்டார்கள்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்தில் பாடசாலை நாடகம் பழக்குவோர் சிலர்